பெட்டியை எடுக்கச் சொன்ன நம் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுவில் இருக்கும் அனைவருக்கும்,

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றே முக்கால் மணிக்குச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் மூன்று வரி போட்டீர்கள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை இனி ஜியோகேச்சிங்குக்கு, அதாவது யாரோ ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டுக்கு, கூட்டிப்போவதில்லை. நியூ ஜெர்சிப் பைன் காட்டில் காட்சிக்காகப் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய கிராமத்தில் சங்கத்தின் பேரில் இருக்கும் பெட்டியை இந்த நவம்பர் 30-க்குள் எடுத்துவிட வேண்டும். மே மாதச் சுற்றுலாவுக்குப் பதிலாக பாங்க்வெட் ஹாலில் பாட்டுக்குப் பாட்டு. கீழே "பிள்ளைகளின் பாதுகாப்பே முக்கியம்" என்று எழுதி ஒரு கைகூப்பும் படம் வேறு.

பெட்டியை வைத்தவன் நான். போலீஸ் வந்து விசாரித்த ஆளும் நான்தான். என்ன நடந்தது என்று உங்களில் ஒருவர்கூட ஒரு போன் போட்டு என்னிடம் கேட்கவில்லை. அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பெட்டிக்குள், கண்டுபிடிப்பவர்கள் பெயர் எழுதும் கையெழுத்துத் தாள் நனைந்து கூழாகிவிட்டது என்று அதற்கு முந்தின நாள் கண்டுபிடித்த ஒருவர் இணையத்தில் குறிப்பு போட்டிருந்தார். பெட்டி வைத்தவன்தான் பராமரிக்க வேண்டும், அதுதான் விளையாட்டின் விதி. மற்ற வேலையெல்லாம் முடித்துக் கிளம்பினேன், போய்ச் சேரும்போது மாலை ஐந்தரை. பைன் மரங்களுக்கு நடுவே சீக்கிரமே இருட்டிவிடும். வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில், வேலியின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கும் கட்டைக்குப் பின்னால் மண்டிபோட்டு, சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சாம்பல் நிறக் குல்லா வைத்த சட்டையோடு நான் ஈரத் தாளைச் சுரண்டிக்கொண்டிருந்த காட்சியை இப்போது யோசித்தால், பார்த்த யாரோ போலீசுக்குப் போன் செய்ததில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை.

ஒரு காவலர் வந்தார். கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன்: ஒரு கையில் சொதசொதத்த தாள், இன்னொன்றில் ஜிப்லாக் பை. பெட்டி வைக்கக் கிராமத்தார் கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகல் வண்டியில் இருக்கிறது என்று சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் கடையைப் பூட்டிக்கொண்டிருந்த அந்தப் பாட்டி சாவிக்கொத்தோடு வந்துவிட்டார். அந்தக் கிராமத்தின் பழைய பலசரக்குக் கடையில் தன்னார்வலராக இருக்கிறாரே, போன மே மாதம் பிள்ளைகளுக்கு மொலாசஸ் மிட்டாய் கொடுத்தவர், அவரேதான். "இது எங்கள் பெட்டியும்தான்" என்றார். அப்புறம் பேச்சு விளையாட்டைப் பற்றித் திரும்பியது. எப்படித் தேடுவது, எந்தச் செயலி வேண்டும் என்று காவலர் கேட்டார். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். புதிதாக வைத்த தாளில் முதல் கையெழுத்து அவருடையது. நீங்கள் எடுக்கச் சொல்கிற பெட்டிக்குள் அந்தத் தாள் இப்போதும் இருக்கிறது.

இதுதான் நடந்தது. ஆனால் நம் பள்ளியில் படிக்கும் ஒரு பையன் அப்பா அம்மாவோடு அங்கே நடக்க வந்திருக்கிறான். வண்டிக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "மாமாவைப் போலீஸ் பிடிச்சுட்டாங்க" என்று பாட்டிக்கு வீடியோ கால் போட்டுச் சொல்லியிருக்கிறான். குழந்தை, அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான். பெரியவர்கள் செய்ததுதான் எனக்குப் புரியவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவுவதற்குள் குழுவில் எண்பது செய்திக்கு மேல். அதில் ஒருவர், "காட்டுக்குள்ள கேஷ் ஒளிச்சு வெச்சிருக்காராமே, எவ்வளவு?" என்று கேட்டிருந்தார். கேஷ் என்றால் பணம் இல்லை ஐயா. ஒளித்துவைக்கும் பெட்டிக்கு இந்த விளையாட்டில் அதுதான் பெயர், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அதனால்தான் நான் பெட்டி என்றே சொல்கிறேன்.

நம் நிறத்துக்கும் அன்றைக்கு நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இந்தப் பக்கம் பல வருடமாக விளையாடும் ஒரு வெள்ளைக்கார நண்பரை இதுவரை நான்கு முறை போலீஸ் நிறுத்திக் கேட்டிருக்கிறதாம். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரித்துக்கொண்டு சொல்ல ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தை எனக்குக் கொடுத்திருந்தால் நானே வந்து உங்களிடம் பேசியிருப்பேன். என் தப்பு எது என்பதும் எனக்குத் தெரியும்: இருட்டும் நேரத்தில் தனியாகப் போனேன், கடைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை. இரண்டையும் இனி செய்யமாட்டேன். அதற்காக நான்காம் நிலைப் பிள்ளைகள் பதினான்கு பேருக்குத் தண்டனை எதற்கு?

விளையாட்டே தெரியாமல் முடிவெடுத்திருக்கிறீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை பொதுமக்கள் கையில் இருந்த ஜிபிஎஸ் கருவிகளுக்கு அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையோடுதான் சைகை அனுப்பிக்கொண்டிருந்தது, நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். கிளின்டன் அரசு அந்தக் குழப்பத்தை நிறுத்தியவுடனே, மே 3-ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு, கூடவே ஒரு பீன்ஸ் டப்பாவையும் வைத்து, காட்டோரம் விட்டுவிட்டு அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் எழுதினார். அங்கிருந்துதான் ஆரம்பம். இன்றைக்கு உலகம் முழுக்க லட்சக்கணக்கான பெட்டிகள் இருக்கின்றன. கண்டுபிடித்தால் தாளில் பெயர் எழுத வேண்டும். உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்புக்கு, அல்லது கூடுதலாக, ஒன்றை வைக்க வேண்டும்.

நினைத்த இடத்தில் நினைத்தவர் வைக்கிற பெட்டியும் இல்லை இது. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு தன்னார்வலர் சரிபார்த்த பிறகுதான் இணையத்தில் வெளியாகும். பழைய கட்டடம் இருக்கும் இடம் என்பதால் கிராமத்தார் இன்னொரு நிபந்தனையும் போட்டார்கள், எந்தக் கட்டடத்தின் மேலும் பெட்டி இருக்கக் கூடாது என்று. நியாயம்தான். கல்லைப் பெயர்த்துப் பார்ப்பவர்களும் கூரை இடுக்கில் கை விடுபவர்களும் எங்கேயும் உண்டு. அதனால்தான் பெட்டி வண்டி நிறுத்துமிடத்து வேலியோரம் இருக்கிறது. கிராமத்துக்குள் இருப்பதெல்லாம் கேள்விகள் மட்டும். பதில்களைக் கணக்குப் போட்டால் பெட்டியின் இடம் கிடைக்கும்.

அந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதினேன். சண்டையே உங்களோடு இதற்காகத்தான் போடுகிறேன், ஏனென்றால் போன மே மாதம் அங்கே என்ன நடந்தது என்பதைச் செயற்குழுவில் ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

நியூ ஜெர்சியின் தெற்கில் பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் பைன் காடு இது. 1978-இல் தேசியக் காப்புப் பகுதி ஆனது. இங்கே ஓடைத் தண்ணீர் டீத்தூள் போட்ட மாதிரி இருக்கும். தண்ணீரில் கரைந்து வரும் இரும்பு சதுப்பில் காற்றுப் பட்டுத் துருவாகப் படிந்து கட்டியாகும், அதை வெட்டி எடுத்து உருக்கித்தான் ஒரு காலத்தில் இந்த ஊர்களே பிழைத்தன. நம்மில் பலர் ஒருமுறையாவது போயிருக்கும் பாட்ஸ்டோ 1766-இல் அப்படித் தொடங்கிய ஊர், சுதந்திரப் போரில் அமெரிக்கப் படைக்கு இரும்புச் சாமான் செய்து கொடுத்தது. உருக்கக் கரி காட்டிலிருந்து வந்தது, கசடு பிரிக்கச் சிப்பி கடற்கரையிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பென்சில்வேனியாவின் இரும்பும் நிலக்கரியும் வந்ததும் எல்லாம் படுத்துவிட்டது. நம் பெட்டி இருக்கிற கிராமமும் அந்த வகைதான். அதன் பெயரை இங்கே எழுதவில்லை, நம் வீட்டுச் சண்டையில் அவர்களை எதற்கு இழுப்பது?

நான்காம் நிலைப் பிள்ளைகள், ஒன்பது பத்து வயது. முதல் சீட்டு: "கடைத் திண்ணையின் கூரையைத் தாங்கும் தூண்கள் எத்தனை?" திண்ணை என்றால் என்ன என்று பதினான்கு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் அங்கே, மர பெஞ்சு போட்ட அந்தக் கடை வாசலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு ஆட்டிக்கொண்டு, "இதுதான் திண்ணையா, தாத்தா வீட்டுல இருக்கே!" என்று ஒரு பெண் கத்தினாளே, அந்தச் சொல் இனி அவளைவிட்டுப் போகாது.

கடைக்கு உள்ளே போனால் இன்னும் நிறைய. பித்தளைத் தட்டு வைத்த தராசு, எடைக்கற்கள், சிவப்புச் சக்கரம் வைத்த காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம், ஆணி வகைகளுக்குத் தனித்தனி இழுப்பறை, கல்லாப்பெட்டி. மூலையில் தபால் அறைகள். குறுக்கே எட்டு, நெடுக்கே ஆறு. எத்தனை என்று சீட்டில் கேட்டிருந்தேன். ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணத் தொடங்கிய பையனிடம் ஒரு அப்பா "எட்டாறு நாப்பத்தெட்டுடா" என்று வாய்ப்பாட்டு ராகத்தில் சொல்ல, மற்ற பெரியவர்களும் சேர்ந்துகொள்ள, பிள்ளைகள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். (ஏழாம் வாய்ப்பாட்டில் நாங்கள் தடுமாறியதைச் சபையில் சொல்ல வேண்டாம்.)

கண்ணாடிக்குக் கீழே பழைய கணக்குப் புத்தகம் ஒன்று விரித்து வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரித் தொழில் ஊர்களில் கூலியில் பெரும்பகுதி காசாகக் கைக்கு வராது, முதலாளியின் கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கிக் கழித்துக்கொள்வார்கள். இதைப் பாட்டி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதியான ஹட்டன் பக்கம் பிறந்த ஒரு அம்மா, "எங்க தோட்டத்துலயும் இப்படித்தான், கடைப் பற்றைக் கழிச்சுட்டு மிச்சத்தைத்தான் கையில குடுப்பாங்கன்னு ஆச்சி சொல்லும்" என்றார். திருச்சிப் பக்கம் என் தாத்தா வைத்திருந்த மளிகைக் கடையின் நீளமான சிவப்பு அட்டை நோட்டு எனக்கு ஞாபகம் வந்தது. பற்று, வரவு என்ற இரண்டு சொல்லுக்கும் அர்த்தம் சொல்ல அன்றைக்கு நான் சிரமப்படவே இல்லை.

கொல்லன் பட்டறையில் துருத்தி. உலை. அதைத் தாண்டிக் கரி சுடும் மேட்டின் மாதிரி ஒன்று. கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, மேலே மண் மூடி, உள்ளே நெருப்பைக் கனிய விட்டு, காற்று புகாமல் நாள்கணக்கில் காவல் இருப்பார்கள். அங்கே ஒரு அப்பா நின்றுவிட்டார். முதுகுளத்தூர்க்காரர். வாராவாரம் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார், நம் கூட்டம் எதிலும் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. "இது மூட்டம்ல. எங்க ஊர்ல சீமைக்கருவேலத்துல போடுவோம்" என்று ஆரம்பித்தார். எங்கே துளை விட வேண்டும், புகை நிறம் மாறினால் என்ன அர்த்தம், உள்ளே நெருப்பு மூண்டுகொண்டால் ராத்திரியானாலும் ஓடி ஓடி மண் அள்ளிப் போட வேண்டியது, அவர் அப்பாவின் முழங்கையில் இருந்த தழும்பு. இருபது நிமிடம் பேசினார். அவர் மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிராமத்தின் வழிகாட்டி என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் குறிப்பு எடுத்துக்கொண்டார். பாங்க்வெட் ஹாலில் இது நடக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

கடைசியில் பெட்டி. டிபன் பாக்ஸ் அளவு, பச்சை டேப் சுற்றியது. பிள்ளைகள் உள்ளே ஒரு பம்பரம், நாலு சோழி, ஒரு கோலிக்குண்டு, ஒரு ஒற்றை ரூபாய்க் காசு வைத்தார்கள். பம்பரத்தை ஜூனில் யாரோ எடுத்துக்கொண்டு, கையால் செதுக்கிய ஒரு மர விசிலை வைத்துவிட்டு, "இதை எப்படிச் சுற்றுவது?" என்று தாளில் கேட்டிருந்தார்கள். நம் பெண் ஒருத்தி அடுத்த முறை போனபோது சாட்டையைச் சுற்றும் விதத்தைப் படம் வரைந்து, கீழே தமிழில் "பம்பரம்" என்று எழுதி வைத்தாள். பெயர் தெரியாத யாரோ ஒருவருக்கு அவள் விரும்பி எழுதிய தமிழ் அது, மதிப்பெண்ணுக்கு எழுதியது இல்லை.

பாதுகாப்பு என்கிறீர்கள், பேசுவோம். இந்தக் காட்டில் உண்மையான ஆபத்து உண்ணி. மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வரும், அதற்காகத்தான் பிள்ளைகளுக்கு நீளக் காலுறை, பேண்ட்டை அதற்குள் செருகுவது, வீட்டுக்குப் போனதும் முழங்கால் மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் பார்ப்பது என்று ஒரு பக்கம் எழுதிப் பெற்றோருக்கு அனுப்பினேன். அப்புறம் பாய்சன் ஐவி என்ற மூன்று இலைக் கொடி, தொட்டால் ஒரு வாரம் அரிப்பு. இரண்டைப் பற்றியும் செயற்குழுவில் ஒருவர் கேட்டிருந்தால்கூட, பாதுகாப்பைப் பற்றித்தான் யோசிக்கிறீர்கள் என்று நம்பியிருப்பேன். நீங்கள் பயப்படுவது வேறு எதற்கோ. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்கு. பயத்தைக் குற்றம் சொல்லவில்லை. அதைப் பாதுகாப்பு என்று எழுதியதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, இது எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருக்கிறது. அந்தப் பாட்டி செப்டம்பரிலேயே சங்கத்தின் மின்னஞ்சலுக்கு எழுதியிருக்கிறார், மே மாதத்தில் நமக்காக ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிவைத்திருப்பதாகவும் அன்றைக்குப் பட்டறையில் உலை மூட்ட ஆள் ஏற்பாடு செய்திருப்பதாகவும். பதில் இல்லை. போலீஸ் வந்த மறுநாள் இன்னொன்று எழுதினார், நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, பிள்ளைகள் பயந்துபோய் வராமல் இருந்துவிடக் கூடாது என்று. அதற்கும் பதில் இல்லை. கடைசியில் என்னிடம் நகலைக் கொடுத்து, "உங்கள் ஆட்களுக்கு என் மேல் கோபமா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது?

பெட்டியை எடுத்துவிட்டு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் தனியாகச் சொன்னார். அப்படிச் சுலபம் இல்லை. பதிவை மூடிவிட்டால் பொதுவாகத் திரும்பத் திறக்கமாட்டார்கள். புதிதாக விண்ணப்பம், புதிதாக அனுமதி, இடையில் 161 மீட்டருக்குள் வேறு யாராவது வைத்துவிட்டால் நமக்கு அந்த இடமே கிடையாது.

ஆகவே நான் கேட்பது இவை. செவ்வாய்க்கிழமை முடிவை நிறுத்திவையுங்கள், நான்காம் நிலைப் பெற்றோரையும் என்னையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுங்கள், அதில் முதுகுளத்தூர்க்காரர் அவசியம் இருக்கட்டும். அந்தப் பாட்டிக்கு இந்த வாரத்துக்குள் தலைவர் தன் கைப்பட ஒரு பதில் எழுத வேண்டும், மே மாதச் சனிக்கிழமையை உறுதி செய்து. பாட்டுக்குப் பாட்டை வேறு தேதியில் வையுங்கள், நானும் வந்து பாடுகிறேன், உங்கள் தலையெழுத்து. பெட்டியைப் பராமரிக்க எப்போதும் இரண்டு பேர், பகல் வெளிச்சத்தில், பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டையோடு, கடையில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று எழுத்தில் ஒரு விதி போடுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். மேல்சட்டைக்குச் சங்கப் பணம் வேண்டாம், நானே வாங்குகிறேன். கடைசியாக, குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் "போலீஸ் பிடித்தது" கதைக்கு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அதே குழுவில், அதே மூன்று வரியில், மறுப்பு போடுங்கள். அந்தப் பையன் என்னைப் பார்த்தால் அம்மாவுக்குப் பின்னால் ஒளிகிறான்.

30-ஆம் தேதி பெட்டியை எடுக்கமாட்டேன். அன்றைக்குக் காலை பத்து மணிக்குக் குளிர்காலத்துக்குத் தண்ணீர் புகாத தாள் மாற்றப் போகிறேன். கூட ஒருவர் வேண்டும். செயற்குழுவிலிருந்து யாராவது வாருங்கள், கட்டை எங்கே கிடக்கிறது என்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நான்காம் நிலை ஆசிரியர்களில் ஒருவன்